ஹாட் ஹேட்ச் கார்களும் நம்ம ஊர் வண்டிப் பிரியர்களும்

மண்ணச்சநல்லூர் கடைவீதியில் புதுக் கார் ஒன்று வந்து நின்றால் பக்கத்துக் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "லிட்டருக்கு எவ்வளவு தருது?" இரண்டாவது, "ஆன்ரோடு எவ்வளவு ஆச்சு?" மூன்றாவது, "அஞ்சு வருஷம் கழிச்சு வித்தா என்ன போகும்?" ஓட்டுவதற்கு எப்படி இருக்கிறது என்ற கேள்வி அநேகமாக வருவதே இல்லை. அப்படி வந்தாலும், கேட்பது அந்தக் கடைக்காரரின் பிளஸ் டூ படிக்கும் மகனாகத்தான் இருக்கும்!

அந்தப் பையன் கேட்ட நாலாவது கேள்விக்காகவே உலகத்தில் ஒரு கார் வகை இருக்கிறது. அதன் பெயர் ஹாட் ஹேட்ச். சின்னக் கார், பின்னால் டிக்கிக்குப் பதில் கண்ணாடியோடு சேர்ந்து மேலே தூக்கும் கதவு, அதே வீட்டு உபயோக உடம்பு. ஆனால் உள்ளே கொஞ்சம் பெரிய என்ஜின், இறுக்கமான சஸ்பென்ஷன், நல்ல பிரேக், நல்ல டயர். திங்கள் முதல் வெள்ளி வரை ஆபீஸ், சனிக்கிழமை சமயபுரம் கோயில், ஞாயிறு விடியற்காலை மலை ஏறலாம். ஒரே வண்டி எல்லாவற்றுக்கும். யோசித்துப் பார்த்தால் வீட்டுக்கு ஒரு கார் மட்டுமே வாங்க முடிகிற நம் நடுத்தரக் குடும்பங்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. அப்படியிருந்தும் இந்தியாவில் இந்த வகைக் கார் வரும், பத்திரிகைகள் எல்லாம் புகழும், இரண்டு வருடத்தில் காணாமல் போய்விடும். இருபது வருடத்துக்கும் மேலாக இதே கதை. அப்படியானால் ஓட்டுவதில் ருசி உள்ளவர்களுக்கு இது பிடிக்கிறதா, இல்லை பிடிக்கிற மாதிரி பேச்சுதானா?

கொஞ்சம் பின்னால் போவோம். சின்னக் காரைச் சூடாக்கிப் பார்க்கும் வேலையை முதலில் பெரிய அளவில் செய்து காட்டியவர் இங்கிலாந்துக்காரரான ஜான் கூப்பர். ரேஸ் கார் கட்டுகிறவர். மினி என்ற தீப்பெட்டிக் காரைப் பார்த்துவிட்டு, அதன் என்ஜினைக் கொஞ்சம் தட்டி எழுப்பி, முன்னால் டிஸ்க் பிரேக் போட்டு 1961-ல் மினி கூப்பராக வெளியே விட்டார்கள். குதிரைத்திறன் வெறும் 55! ஆனால் அதன் அடுத்த வடிவமான கூப்பர் எஸ், 1964, 1965, 1967 என மூன்று முறை மான்டி கார்லோ ராலியை ஜெயித்தது. பனி மூடிய மலைப்பாதையில் தன்னைவிட நாலு மடங்கு பெரிய என்ஜின் வைத்த கார்களையெல்லாம் பின்னுக்குத் தள்ளியது. (மினிக்குப் பின்னால் தூக்குக் கதவு கிடையாது, அதனால் அதை ஹேட்ச் என்றே சொல்லக்கூடாது என்று சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. விட்டுவிடலாம்.)

1975-ல் பிராங்க்பர்ட் கண்காட்சியில் வோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. வந்து நின்றது. அடுத்த வருடம் விற்பனை. 1.6 லிட்டர், 110 குதிரைத்திறன், எடை 810 கிலோ சொச்சம். 5000 வண்டி விற்றால் போதும் என்ற கணக்கில் தொடங்கிய கார், முதல் தலைமுறை மட்டும் நாலரை லட்சத்தைத் தாண்டி விற்றது. பின்னாலேயே 1984-ல் பெஜோ 205 ஜி.டி.ஐ. வந்தது. ஐரோப்பாவில் ஒரு தலைமுறையே இந்தக் கார்களில்தான் வண்டி ஓட்டக் கற்றது, பள்ளத்தில் விடவும் கற்றது. 1990-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் திருட்டுப் பையன்கள் இவற்றையே குறிவைத்துத் தூக்கிக்கொண்டு போக, இன்சூரன்ஸ் கட்டணம் ஏறி, இந்த வகையே கிட்டத்தட்டப் படுத்துவிட்டது. பிறகு எழுந்தது.

"அசல் ஓட்டுநர்களுக்கு" இது பிடிக்காது என்று ஒரு வாதம் உண்டு. அதன் சாரம் இதுதான்: ஹாட் ஹேட்சில் முன் சக்கரங்களே இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். ஒரு மாட்டையே ஏர் உழவும் கவலை இறைக்கவும் சேர்த்துக் கட்டின மாதிரி. வேகமாக வளைவுக்குள் போய் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் டயருக்குப் பிடிமானம் போதாமல் காரின் மூக்கு வெளிப்பக்கமாக ஓடும். பின் சக்கர இழுவையில் உள்ள நிதானம் இதில் வராது. என்ஜினை நடுவில் வைத்துக் கட்டிய ஸ்போர்ட்ஸ் காரோடு ஒப்பிட்டால் இது சமையல்காரன் கையில் கொடுத்த வீச்சரிவாள், அவ்வளவுதான் என்பார்கள்.

இயற்பியல் சரிதான். ஆனால் சாலை எது என்று அவர்கள் சொல்வதில்லை. நாமக்கல் மாவட்டத்தில் காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். மண்ணச்சநல்லூரிலிருந்து முசிறி, நாமக்கல், சேந்தமங்கலம் என்று போனால் காலை டிபனுக்குள் அடிவாரத்தில் இருக்கலாம். அங்கே 500 குதிரைத்திறன் ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுபோனால் என்ன ஆகும்? இரண்டாவது கியரைக்கூட முழுசாகப் பயன்படுத்த முடியாது. வளைவில் அகலம் போதாமல் ஒருமுறை ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருக்கும். எதிரே பலாப்பழ லோடு வேன் வந்தால் கதை முடிந்தது. அதே இடத்தில் நாலு மீட்டருக்குள் அடங்கும் ஒரு டன் எடையுள்ள கார், 100 குதிரைத்திறனை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் பிரேக், கியர் இறக்கம், திருப்பம், மறுபடி இழுப்பு என்று ஓட்டுகிறவருக்கு முழு வேலை கொடுக்கும். அதுவும் சட்டம் அனுமதிக்கிற வேகத்திலேயே! துறையூர் தாண்டி சோபனபுரம் வழியாகப் பச்சைமலையில் டாப் செங்காட்டுப்பட்டிக்கு ஏறுகிற ரோட்டுக்கும் இதே நியாயம். ஓட்டும் சுகம் என்பது காரின் திறமையில் எத்தனை பங்கை ஓட்டுகிறவர் தொட முடிகிறது என்பதில் இருக்கிறது. அந்தக் கணக்கில் நம் ரோடுகளுக்கு ஹாட் ஹேட்சை மிஞ்ச ஆளில்லை. ஆகவே ஓட்டுகிறவர்களுக்கு இது பிடிக்குமா என்றால், பிடிக்கும். அதில் சந்தேகமே வேண்டாம்.

வாங்குவார்களா என்பதுதான் வேறு கேள்வி.

இந்தியப் பட்டியலைப் பாருங்கள். 2001-ல் ஃபியட் பாலியோ 1.6 ஜி.டி.எக்ஸ்., 100 குதிரைத்திறன். அந்தக் காலத்தில் அந்த விலையில் அப்படி ஓடும் கார் வேறு கிடையாது. ஆனால் "பெட்ரோல் குடிக்குது" என்ற ஒரே பெயரில் அடி வாங்கியது. 2013-ல் வோக்ஸ்வேகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ., 1.2 லிட்டர் டர்போ, 105 குதிரைத்திறன். இது ஒன்றுதான் ஓரளவு நிலைத்தது. 2015-ல் அபார்த் புன்டோ: 1.4 லிட்டர் டர்போ, 145 குதிரைத்திறன், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், 9.95 லட்சம் ரூபாய். பத்து லட்சத்துக்குள் 145 குதிரை! இன்றுவரை அந்தக் கணக்கை யாரும் திரும்பக் கொடுக்கவில்லை. அதுவும் போனது. 2016-ல் போலோ ஜி.டி.ஐ., மூன்று கதவு, 192 குதிரைத்திறன், 25.99 லட்சம். இறக்குமதி செய்யப்பட்டது மொத்தமே 99. அதை விற்கவே அடுத்த வருடம் விலையை 6 லட்சம் குறைக்க வேண்டியிருந்தது. 2017-ல் மாருதி பலேனோ ஆர்.எஸ்.; 2020-ல் கதை முடிந்தது.

இந்தப் பட்டியலில் தமிழ்நாட்டுக்காரர்கள் நின்று பார்க்க வேண்டிய பெயர் ஒன்று உண்டு. டியாகோ ஜே.டி.பி.

கோயம்புத்தூரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: இந்தியாவில் ரேஸ் காரை வீட்டுக் கொல்லையில் கட்டின ஊர் அது. கரிவரதன் என்ற மில் குடும்பத்து மனிதர், மாருதி 800-ன் என்ஜினை எடுத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் செய்து, காசில்லாத பையன்களும் பந்தயம் ஓட்டலாம் என்று வழி திறந்துவிட்டார். ஃபார்முலா மாருதி என்று பெயர். அதில் ஓட்டிப் பழகிய கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். கரிவரதன் அதைப் பார்க்க இல்லை. 1995-லேயே வான் விபத்தில் இறந்துவிட்டார். செட்டிபாளையத்தில் உள்ள பந்தயப் பாதைக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். சின்ன என்ஜினை வைத்துப் பெரிய சந்தோஷம் செய்யலாம் என்பது அந்த ஊரின் பழைய பாடம்.

அதே ஊரின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் நிறுவனம், டாடா மோட்டார்ஸோடு சரிபாதிக் கூட்டு வைத்து 2018 அக்டோபரில் டியாகோவையும் டிகோரையும் ஜே.டி.பி. என்ற பெயரில் கொண்டுவந்தது. வெறும் ஸ்டிக்கர் வேலை இல்லை. நெக்சானின் 1.2 லிட்டர் டர்போ என்ஜினை உள்ளே இறக்கி, 114 குதிரைத்திறன் வரும்படி செய்து, கியர் விகிதங்களை மாற்றி, ஸ்டீயரிங்கையும் சஸ்பென்ஷனையும் திருத்தி, அகல டயர் போட்டார்கள். நூறு கிலோமீட்டர் வேகத்தை 10 விநாடிக்குள் தொடும் என்றார்கள். விலை 6.39 லட்சம், டெல்லி ஷோரூம் கணக்கு. சாதாரண டியாகோவின் உச்ச ரகத்தைவிட ஏறத்தாழ ஒரு லட்சம்தான் கூடுதல். இதற்குமேல் ஒரு கார் பிரியன் என்ன கேட்க முடியும்?

2020-ல் பாரத் ஸ்டேஜ் 6 புகை விதி வந்தது. கார்களும் நின்றன, கூட்டு நிறுவனமும் முடிந்தது. இரண்டு வருடம்கூட முழுசாக இல்லை.

விற்பனை ஏன் இல்லை என்று கேட்டால் ஆயிரம் காரணம் சொல்வார்கள். எல்லா ஷோரூமிலும் கிடைக்கவில்லை, விளம்பரம் போதவில்லை, ஆரம்பத்தில் சில வசதிகள் இல்லை. எல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் அடிப்படையான ஒரு விஷயம் பேசப்படுவதில்லை: இந்தியாவில் கார் மேல் பைத்தியமாக இருப்பவன் வேறு, காருக்குக் கையெழுத்துப் போடுகிறவர் வேறு. பைத்தியத்துக்கு வயது இருபது, கையெழுத்துக்கு ஐம்பது. மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலை வைத்திருக்கும் ஒரு அப்பாவிடம் மகன் போய், "அப்பா, இது டியாகோதான், ஆனா 114 குதிரை" என்று சொன்னால் அவர் என்ன சொல்வார்? "ஏம்ப்பா, அதே காசுக்கு அடுத்த சைஸ் வண்டியே வந்துடுமே!" அவர் சொல்வதில் தப்பில்லை. பாட்டி ஏறி இறங்க உயரம் வேண்டும், ஊருக்கு ஊர் உள்ள வேகத்தடையில் அடி தட்டக்கூடாது, கல்யாணத்துக்குப் போனால் பார்க்கப் பெரிதாக இருக்க வேண்டும். 2024-ல் இந்தியாவிலேயே அதிகம் விற்ற கார் டாடா பஞ்ச். சின்னக் காரையே கொஞ்சம் தூக்கி நிறுத்தின உருவம். சந்தை எதைக் கேட்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பையனுக்குச் சம்பளம் வரும் வயசில்? அப்போது கல்யாணம், வீட்டுக் கடன், மாமனார் வீட்டின் அபிப்பிராயம். இணையத்தில் "மேனுவல் கியரைக் காப்பாற்றுவோம்" என்று பக்கம் பக்கமாக எழுதியவரே ஷோரூமில் போய் ஆட்டோமேட்டிக் எஸ்.யூ.வி.க்கு முன்பணம் கட்டுவார். கம்பெனிக்காரர்கள் எழுத்தையா எண்ணுவார்கள், ரசீதைத்தானே எண்ணுவார்கள்!

வரிக்கும் ஒரு பங்கு உண்டு. 2006 பட்ஜெட்டில், சிவகங்கைக்காரரான ப. சிதம்பரம் நிதியமைச்சராக இருந்தபோது, சின்னக் கார் என்பதற்கு ஒரு அளவு வைத்தார்கள்: நீளம் நாலு மீட்டருக்குள், பெட்ரோல் என்ஜின் 1200 சி.சி.க்குள் (டீசல் என்றால் 1500). உள்ளே வந்தால் உற்பத்தி வரி 24-லிருந்து 16 சதவீதம். வெளியே நின்றால் பழைய வரி. இதனால் நடந்ததைப் பார்க்க மாருதி ஸ்விஃப்டே போதும். 2005-ல் வந்தபோது 1298 சி.சி.; 2010-ல் 1197 சி.சி. ஆகிவிட்டது. சின்ன உடம்பில் பெரிய என்ஜின் என்பதுதான் ஹாட் ஹேட்சின் பிறப்பு ரகசியம். அந்த ஒரு விஷயத்துக்குத்தான் இந்த வரி அபராதம் போட்டது. பாலியோ 1.6, அபார்த் 1.4 மாதிரி வண்டிகளுக்கு இங்கே இடமே இல்லாமல் போனதில் ஆச்சரியமில்லை. வெளிநாடுகளில் பேர் வாங்கிய ஸ்விஃப்ட் ஸ்போர்ட் இந்தியக் கடைகளுக்கு வரவே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் இந்தச் சாக்கு இப்போது செல்லாது. டர்போ வந்த பிறகு 1000 சி.சி.யிலேயே 120 குதிரைத்திறன் எடுக்கிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் அந்த அளவுக்குள் வரும் சின்னக் காருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், பெரியவற்றுக்கு 40. இன்றைய வரிக் கணக்கில் சின்ன டர்போ ஹேட்ச்தான் செல்லப்பிள்ளை.

அப்படியும் கம்பெனிகள் துணிந்து முழு மனதோடு செய்வதில்லை. ஹூண்டாய் ஐ20 என் லைன் 2021-ல் வந்தது. இதைத் தயாரிக்கும் தொழிற்சாலை இருப்பது இருங்காட்டுக்கோட்டையில். அதே ஊரில்தான் 1990-ல் திறந்த சென்னையின் பந்தயப் பாதையும். இதைவிடப் பொருத்தம் யாருக்கு வாய்க்கும்? சஸ்பென்ஷனை இறுக்கினார்கள், பின்னாலும் டிஸ்க் பிரேக் வைத்தார்கள், சைலன்சர் சத்தத்தைக் கூட்டினார்கள். நல்லது. ஆனால் என்ஜின் சாதாரண ஐ20 டர்போவில் இருந்த அதே 120 குதிரை. 2024-ல் டாடா அல்ட்ராஸ் ரேசர், அதுவும் 120 குதிரைத்திறன், ஆறு கியர் மேனுவல். பானட்டில் கோடு போட்டிருந்தார்கள். ஓட்ட நன்றாகவே இருக்கும். இருந்தாலும் இவை எல்லாம் மிளகு தூவின தயிர்சாதம். காரம் வேண்டும் என்று வந்தவனுக்கும் போதாது, தயிர்சாதம் கேட்டு வந்தவருக்கும் மிளகு பிடிக்காது.

இதற்கு நேர் எதிராக ஒரு சம்பவம். 2025 மே மாதம் கோல்ஃப் ஜி.டி.ஐ. முதல்முறையாக இந்தியாவுக்கு வந்தது. முழுக்க இறக்குமதி, 265 குதிரைத்திறன், விலை 53 லட்சம். முதல் 150 கார்களும் விலை அறிவிக்கும் முன்பே முன்பதிவில் தீர்ந்துவிட்டன! 6.39 லட்சத்துக்கு வந்த கோயம்புத்தூர் காருக்கு ஆளில்லை, 53 லட்சத்துக்குக் கியூ. இதைப் பார்த்து "இந்தியாவில் கார் ரசனை வளர்ந்துவிட்டது" என்று சிலர் எழுதினார்கள். கொஞ்சம் பொறுங்கள். இந்தக் கார் பிறந்தது தொழிலாளியும் தபால்காரரும் ஓட்டட்டும் என்று. 53 லட்சம் கொடுத்து மூன்றாவது, நாலாவது காராக வாங்கி ஷெட்டில் மூடி வைப்பது தங்கத்தில் மண்வெட்டி செய்து மாட்டி வைப்பது போல. அழகாக இருக்கும், ஆனால் வயலுக்குப் போகாது. 150 பேருக்கு ஆசை இருந்தது உண்மை. அதை வைத்து ஒரு ஊரின் ரசனையை அளக்க முடியாது. கோவை முயற்சி தோற்றதுதான் பெரிய நஷ்டம். இன்னொரு பொறியாளர் குழு அடுத்த முறை ஒரு பெரிய கம்பெனியின் கதவைத் தட்டும்போது, அவர்கள் மேஜையில் எடுத்துப் போடப்போவது டியாகோ ஜே.டி.பி. விற்பனைக் கணக்காகத்தான் இருக்கும்.

ஒரு இடைச்செருகல். ஹாட் ஹேட்ச் என்றதும் திருச்சி-சென்னை நாலுவழிச் சாலையில் 160-ல் போய் வீடியோ எடுத்துப் போடுகிறவர்கள் நினைவுக்கு வந்தால், அவர்களை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். நேர்ரோட்டில் பெடலை அழுத்த எந்தக் காரும் போதும், எந்தத் திறமையும் வேண்டாம். மாடும் எதிர்த்திசையில் வரும் டி.வி.எஸ். எக்செல்லும் குறுக்கே வரும் ரோடு அது. வேகம் வேண்டுமென்றால் கோவையிலும் இருங்காட்டுக்கோட்டையிலும் பாதை இருக்கிறது, காசு கட்டி ஓட்டலாம்.

சரி, உண்மையான பிரியர்கள் எங்கே இருக்கிறார்கள் என்றால், ஷோரூமில் இல்லை. செகண்ட் ஹாண்ட் சந்தையில் இருக்கிறார்கள். புதிதாக வாங்க முடியாத வயதில் போஸ்டரில் பார்த்த காரை, பத்து வருடம் கழித்து மூன்றாவது ஓனராக வாங்குகிறார்கள். அபார்த் புன்டோவுக்கு ஒரு சாமான் வேண்டுமென்றால் கோவை, பெங்களூர், புனே என்று போன் போட்டுத் தேடி, லாரி பார்சலில் வரவழைத்து, தெரிந்த மெக்கானிக் ஷெட்டில் பக்கத்தில் உட்கார்ந்து மாட்டிக்கொள்கிறார்கள். பாலியோ 1.6-ஐ இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறவர்கள் உண்டு. இவர்களுடைய பணம் கம்பெனிக்குப் போய்ச் சேருவதே இல்லை என்பதால், எந்த விற்பனைக் கணக்கிலும் இவர்கள் இல்லை.

அந்த வழியில் இறங்க நினைக்கும் மாணவர்களுக்கு, முதல் வேலை கிடைத்தவுடன் தேட வேண்டியது 2020-க்கும் 2022-க்கும் நடுவில் வந்த போலோ 1.0 டி.எஸ்.ஐ., ஆறு கியர் மேனுவல், 110 குதிரைத்திறன். பழைய 1.2-ல் உள்ள ஏழு கியர் உலர் கிளட்ச் ஆட்டோமேட்டிக் பெட்டி ஓட்ட அருமையாக இருக்கும், பழுதானால் செலவு தாங்காது. சர்வீஸ் ரசீதுகளைப் பார்க்காமல் தொடவேண்டாம். டியாகோ ஜே.டி.பி. கண்ணில் பட்டால் ஆர்.சி. புக்கை நன்றாகப் பாருங்கள், ஜே.டி.பி. ஸ்டிக்கரும் பம்பரும் மட்டும் வாங்கி ஒட்டின சாதாரண டியாகோவாகவும் இருக்கலாம். பானட்டைத் தூக்கி டர்போ இருக்கிறதா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, அப்பாவையும் பக்கத்தில் உட்காரவைத்து பச்சைமலை வரை ஒரு நடை போய் வாருங்கள். இறங்கி வரும்போது சாவியை அவர் கேட்டாலும் கேட்பார்.